இத்தாலிய உணவகமும் நமது நீரிழிவும்

வார இறுதியில் நண்பர்களுடன் வீட்டுக்கு அருகிலுள்ள சிறிய இத்தாலிய உணவகத்தில் கூடிச் சாப்பிடுவது நம்மவர் மத்தியில் இப்போது வழக்கமாகிவிட்டது. ஆனால், நீரிழிவு வந்ததும் சிலர் "எனக்குச் சரிவராது" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். இது தேவையற்றது என்பதே நமது கருத்து.

இத்தாலியில் வழக்கமான விருந்தில் பாஸ்தா முதலில் பரிமாறப்படும் ஓர் உணவு மட்டுமே. ஒருவருக்குச் சமைக்காத நிலையில் ஏறத்தாழ 80 கிராம் போதும். பின்னர் மீனோ இறைச்சியோ மரக்கறியோடு வரும். நாம் வாழும் நாடுகளிலோ பெரும்பாலும் பாஸ்தாவே முழுச் சாப்பாடாகத் தட்டு நிறைய வருகிறது. அது வருமுன்பே மேசையிலுள்ள பாண் கூடையையும் காலி செய்துவிடுகிறோம். சீனி ஏறுவதற்குக் காரணம் இந்த அளவுதான்.

ஆகவே, ஒரு தட்டுப் பாஸ்தாவை இருவர் பகிர்ந்துகொள்ளலாம். முதலில் சலாட், அல்லது அவரை விதையும் மரக்கறியும் சேர்ந்த மினெஸ்ட்ரோனே சூப் சாப்பிடலாம். பாஸ்தாவைக் குழையவிடாமல், பல்லில் கடிபடும் பதத்தில் கேளுங்கள். அது சீனியைச் சற்று மெதுவாகவே ஏற்றும். கிறீம் சோஸைவிடத் தக்காளி சோஸ் நல்லது. சிறிய உணவகம் என்றால் இவற்றைச் சமைப்பவரிடமே சொல்லிவிடலாம்.

சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊசி போட்டபின் உணவு வரத் தாமதமானால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். வெளியே சாப்பிடும்போது எந்த நேரத்தில் போடுவது என்று வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: "இன்றைக்கு ஒரு நாள்தானே" என்று வற்புறுத்தாதீர்கள். அதுவே பெரிய உதவி.