மூணு குடுத்து ஒண்ணு வாங்கலாமா?

கையில் இருக்கும் மூணு லென்ஸையும் தள்ளிவிட்டு ஒரே ஒரு நல்ல லென்ஸ் வாங்கிக்கொள்ளலாமா? ஒரு மாசமாக மண்டையைக் குடைந்த கேள்வி இது. போன வாரம் ஒருவழியாக முடிவு பண்ணியாச்சு. மூணில் ரெண்டைக் கொடுப்பது, ஒன்றைக் கொடுக்காமல் வைத்துக்கொள்வது. குழந்தை குட்டியோடு கேமராவும் வைத்திருக்கிற நம்ம மக்கள் நிறைய பேர் இதே இடத்தில் நிற்பீர்கள் என்பதால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

இருப்பவை: கேனன் கேமராவோடு வந்த 18-55, அப்புறம் ஆசைப்பட்டு வாங்கிய 55-250, "இது இல்லாம எப்படி?" என்று எல்லாரும் கேட்டதால் வாங்கிய 50 எம்எம் எஃப்/1.8. கண் வைத்திருப்பது 17-55 எஃப்/2.8 மேல். 2006-ல் வந்த பழைய ஆள். செகண்ட் ஹேண்டில்தான் வாங்கப் போகிறேன்.

தங்கமணி கேட்ட முதல் கேள்வி: "18-55 இருக்கு, 17-55 வாங்கப் போறீங்க. அந்த ஒரு நம்பருக்கா இவ்ளோ காசு?" நியாயமான கேள்விதான். காசு அந்த ஒரு நம்பருக்கு இல்லை, வெளிச்சத்துக்கு. கிட் லென்ஸ் 55-ல் எஃப்/5.6 வரைக்கும்தான் திறக்கும். இது 17-லிருந்து 55 வரை எங்கேயும் எஃப்/2.8. கணக்குப் போட்டால் நாலு மடங்கு வெளிச்சம்.

நம்ம வாழ்க்கையில் இந்த நாலு மடங்கு எங்கே வருகிறது? தமிழ்ச் சங்கப் பொங்கல் விழா, பள்ளி ஆண்டு விழா, நவராத்திரி கொலு, பிறந்த நாள் கேக். எல்லாமே ராத்திரி, எல்லாமே மங்கலான விளக்கு. மேடையில் ஆடும் பிள்ளையின் கை மங்காமல் வர 1/250 செகண்டாவது வேண்டும். அதற்கு கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ 6400 போட வேண்டிய இடத்தில் இதில் 1600 போதும். 6400-ல் பிள்ளையின் முகத்தில் மணல் தூவிய மாதிரி இருக்கும். "அதான் ஐ.எஸ். இருக்கே" என்பார்கள். அது நம்ம கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், பிள்ளையைப் பிடிக்காது.

போன் போதாதா என்பது அடுத்த கேள்வி. பகலில் போதும். சத்தியமாகப் போதும். ஆனால் மங்கலான ஹாலில் போன் நாலைந்து படத்தை எடுத்து ஒன்றாக ஒட்டும்போது ஆடுகிற கை ஈஷிக்கொண்டு வரும். போர்ட்ரைட் மோடில் தலையில் வைத்த மல்லிகைச் சரம் பாதி காணாமல் போகும்.

சரி, 55-250-ஐக் கொடுத்தால் என்ன இழப்பு? இதற்கு ஊகம் வேண்டாம், நாம் எடுத்த படங்களே பதில் சொல்லும். ஒவ்வொரு படத்துக்குள்ளும் எத்தனை எம்எம்மில் எடுத்தது என்று எக்ஸிஃப் தகவல் இருக்கும். லைட்ரூமில் பார்க்கலாம், இலவசமாகக் கிடைக்கும் எக்ஸிஃப்டூல் மென்பொருளிலும் பார்க்கலாம். என் மூணு வருஷப் படங்கள் 6,200. அதில் 55-250-ல் எடுத்தது 412. அதிலும் பாதி ஒரே ஞாயிற்றுக்கிழமை தாணே கழிமுகத்தில் எடுத்த பூநாரைகள்! மேடைக்கும் அந்த லென்ஸ் பெரிதாக உதவவில்லை. இழுத்துப் பிடித்தால் அதுவும் எஃப்/5.6 தான். அதற்குப் பதில் சீக்கிரம் போய் இரண்டாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்துவிடலாம். 24 மெகாபிக்சல் படத்தை 55-ல் எடுத்து 110-ல் எடுத்த அளவுக்கு வெட்டினாலும் 6 மெகாபிக்சல் மிஞ்சும். ஏ4 பிரிண்ட்டுக்கு அது போதும். 250 அளவுக்கு வெட்டினால் ஒரு மெகாபிக்சல் சொச்சம்தான், அதை மறந்துவிட வேண்டியதுதான். பறவை பார்க்கிறவர்கள், பிள்ளை கிரிக்கெட் ஆடுகிறவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம்.

இனி 50. இதை ஏன் கொடுக்கவில்லை? விற்றால் ஒரு குடும்பச் சாப்பாட்டுக்குத்தான் ஆகும் என்பது சின்னக் காரணம். பெரிய காரணம் வேறு.

பெரியப்பா 2019-ல் தவறினார். காரியத்துக்கு மாட்ட ஒரு படம் வேண்டும். மூணு வீட்டு ஆல்பம், ஆறேழு பேர் போன் எல்லாம் தேடினார்கள். எல்லாமே குரூப் போட்டோ. கடைசியில் ஒரு கல்யாணப் பந்தியில் ஓரமாக நின்ற படத்தை வெட்டிப் பெரிதாக்கினார்கள். பக்கத்து ஆளின் தோளை மறைக்க ஸ்டுடியோக்காரர் கோட்டு மாட்டிவிட்டார். ஆயுசில் கோட்டு போடாத மனுஷர். இன்றைக்கும் ஊர் வீட்டுக் கூடத்தில் நீலக் கோட்டோடுதான் இருக்கிறார்.

நம்மில் நிறைய பேர் வருஷத்துக்குப் பத்து நாள் ஊருக்குப் போகிறவர்கள். அரிசி, ஊறுகாய், பிள்ளைகள் துணி என்று லக்கேஜ் சேரும்போது முதலில் வெளியே எடுத்து வைப்பது கேமராப் பையைத்தான். புது லென்ஸ் மட்டுமே 645 கிராம். என் மூணும் சேர்ந்தே 740 கிராம்தான் வரும், ஆக எடை குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 50 மட்டும் 160 கிராம், சட்டைப் பையில் போகும். ஏபிஎஸ்-சி கேமராவில் அது 80 எம்எம் மாதிரி, முகத்துக்கென்றே அமைந்தது. காலையில் திண்ணையில் பேப்பர் படிக்கிற அப்பாவை "சும்மா இருங்கப்பா, போஸ் குடுக்காதீங்க" என்று சொல்லி நாலு படம். அதற்கு இதுதான்.

இன்னொன்று, மும்பை மாதிரி ஊரில் மழைக்காலத்தில் பீரோவில் தூங்கும் லென்ஸுக்குள் பூஞ்சை வரும். துணிகளுக்கு நடுவில், தோல் உறைக்குள் வைத்தால் சீக்கிரமே வரும். கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். பயன்படுத்தாத லென்ஸுக்கு சிலிகா ஜெல் மாற்றிக்கொண்டிருப்பதைவிட பயன்படுத்துகிறவர் கையில் கொடுப்பது மேல்.

மிரர்லெஸ் காலத்தில் பழைய மவுண்ட்டில் காசு போடலாமா என்று கேட்பீர்கள். கேனன் 2018-லேயே ஆர்எஃப் மவுண்ட்டுக்குப் போய்விட்டது. அடாப்டர் போட்டால் இந்த லென்ஸ் அதிலும் ஓடும். ஆனால் ஒரு வருஷத்துக்குள் புது பாடி வாங்கப் போகிறீர்கள் என்றால் பொறுங்கள். 2024-ல் சிக்மா அந்த மவுண்ட்டுக்கு 18-50 எஃப்/2.8 கொண்டு வந்திருக்கிறது, எடை 300 கிராம் அளவுதான். எனக்கு பாடி மாற்றும் உத்தேசம் இல்லை.

வாங்கும்போது டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், மெல்லிய வலை மாதிரி தெரிந்தால் வேண்டாம். எஃப்/2.8-லும் எஃப்/8-லும், 17-லும் 55-லும் எடுத்துப் பாருங்கள். ஐ.எஸ். போட்டும் நிறுத்தியும் பாருங்கள். எனக்கு வரும் சனிக்கிழமை போரா பஜார் போகிற வேலை இருக்கிறது. 18-55-ஐ அங்கேயே கொடுத்துவிடுவேன். 55-250-ஐ மட்டும் கடைக்குக் கொடுக்கவில்லை. மாடியில் இருக்கிற மாமா பூநாரை பார்க்கப் போகிறவர், அவர் கேட்டிருக்கிறார்.