வீதியை விட்டு எங்கே போவது?

லண்டன் மாநகரின் மேற்குப் பகுதியிலே, ஓகஸ்ட் மாதக் கடைசித் திங்களும் அதற்கு முந்திய ஞாயிறும் நடைபெறும் நொட்டிங் ஹில் களியாட்ட விழாவை வீதிகளினின்று அகற்றி ஹைட் பூங்காவுக்குள் அடக்கிவிட வேண்டும் என்று ஒரு சாரார் நெடுங்காலமாகக் கூறிவருகின்றனர். கூட்டம் மிகுந்துவிட்டது, குற்றங்கள் நிகழ்கின்றன, குடியிருப்போர் சிலர் கதவு யன்னல்களுக்குப் பலகை அறைந்துவிட்டு வெளியூர் போகின்றனர், பூங்காவாயின் எல்லாம் ஒழுங்காக நடக்குமன்றோ என்பது அவர்தம் வாதம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இவ்வாதத்தை நான் மறுக்கிறேன். மகள் வீட்டில் தங்கிய ஒரு கோடை முழுவதும் அவ்விழாவுக்கென்று கம்பி வளைத்தவன், ஈற்றில் மீன் வேடமிட்டு அவ்வீதிகளில் நடந்தவன் என்ற உரிமையிலே மறுக்கிறேன்.

விழாவின் வேர் மேற்கிந்தியத் தீவுகளில், சிறப்பாகத் திரினிடாட்டில் உள்ளது. அங்கே பிரெஞ்சுத் தோட்டத் துரைமார் தவக்காலத்துக்கு முன் தம் மாளிகைகளில் முகமூடி நடனம் ஆடினர். 1838 இல் அடிமைத்தளை முற்றாக நீங்கியபின், கறுப்பின மக்கள் களியாட்டத்தை மாளிகையிலிருந்து தெருவுக்குக் கொணர்ந்தனர். தீப்பந்தம் ஏந்தினர், முரசறைந்தனர், முன்னாள் எசமானரின் நடையுடையை நடித்துக் காட்டி நகைத்தனர். ஆட்சியாளருக்கு இது பொறுக்குமா? 1881 ஆம் ஆண்டு போர்ட் ஒவ் ஸ்பெயின் நகரில் தீப்பந்த ஊர்வலத்தை அடக்க வந்த பொலிசாரோடு மக்கள் கழியேந்தி மோதினர். பின்னர் முரசுக்கே தடை பிறந்தது. முரசு போனால் மூங்கில் என்று, வெட்டிய மூங்கிற் குழாய்களை நிலத்தில் இடித்துத் தாளம் எழுப்பினர். அதன்பின் பிஸ்கற் தகரம். அதன்பின் எண்ணெய்ப் பீப்பா. பீப்பாவின் அடித்தகட்டைச் சுத்தியலால் குழித்து, ஒவ்வொரு குழிவிலும் ஒவ்வொரு சுரத்தைப் பிறப்பித்த அருமையை என்னென்பது!

இவ்வரலாற்றிலே நம்மவர்க்கும் ஒரு பங்குண்டு. 1845 முதல் இந்தியத் தொழிலாளர் ஒப்பந்தக் கூலிகளாகத் திரினிடாட்டின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டனர். பெரும்பாலோர் கல்கத்தாவிலிருந்து சென்றவர். சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவரும் உளர். நம் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்துவந்தோர் எந்தத் தமிழ்நாட்டு ஊர்களை நீங்கினரோ, அத்தகைய ஊர்களை நீங்கியோரே இவர்களும். அவர்கள் மொகரம் ஊர்வலத்தை ஹொசே என அழைத்தனர். முஸ்லிம்களும் இந்துக்களும் ஒருங்கே கூடிக் கோபுரம் போன்ற தாபூத்துகளைச் சுமந்து சென்றனர். 1884 ஒக்டோபர் 30 அன்று, ஊர்வலம் நகருக்குள் வரலாகாதென்ற ஆணையை மீறி அவர்கள் சான் பெர்ணான்டோவை நெருங்கியபோது பொலிசார் சுட்டனர். பலர் மாண்டனர். தோட்டத்துக்குள்ளே எவ்வளவேனும் ஆடு, நகரத்து வீதியில் கால் வைக்காதே என்பதே அன்று சொல்லப்பட்டது. இன்று ‘பூங்காவுக்குப் போ’ என்போர் துப்பாக்கி ஏந்தவில்லை, பண்பாகத்தான் பேசுகின்றனர். ஆயினும் அந்தப் பழைய சொல்லின் எதிரொலி என் காதில் விழாமலில்லை.

நொட்டிங் ஹில் வீதிகள் தற்செயலாக அமைந்தவையுமல்ல. 1958 ஆம் ஆண்டுக் கோடையின் இறுதியில், வெள்ளைக் காடையர் மேற்கிந்தியரை விரட்டி விரட்டித் தாக்கியது அங்கேதான். திரினிடாட்டிற் பிறந்த கிளோடியா ஜோன்ஸ் என்னும் பத்திரிகையாளர், அவ்வவமானத்தைக் கழுவவேண்டி 1959 ஜனவரியில் சென் பாங்கிராஸ் நகர மண்டபத்தில் ஒரு களியாட்டத்தை நடத்தினார். கடுங்குளிராகையால் அது மண்டபத்துக்குள்ளேயே நடந்தது. வருவாயில் ஒரு பகுதி, கலவரத்தில் தண்டம் விதிக்கப்பட்டோர்க்கு உதவவென ஒதுக்கப்பட்டது. 1964 இல் மறைந்த அவ்வம்மையாரின் கல்லறை ஹைகேற் மயானத்தில் கார்ல் மார்க்ஸின் கல்லறைக்கு அருகே உள்ளது. 1966 இல் ரோன் லாஸ்லெற் என்பார் அயலவர்க்கென ஒரு தெருவிழா எடுத்தார். அதில் வாசித்த ரஸ் ஹென்டர்சனின் பீப்பா வாத்தியக் குழு எழுந்து நடக்கத் தொடங்கியது, சனங்கள் பின்தொடர்ந்தனர். எட்டாண்டுகளுக்கு முன் அஞ்சி ஓடிய தெருக்களில் ஆடி நடந்தனர். விழாவின் பொருள் முழுவதும் அந்த நடையில் அடங்கியுள்ளது.

பார்க்க மட்டும் செல்வோர்க்கு இது விளங்காது. ‘மாஸ் காம்ப்’ என்று அவர்கள் கூறும் வேடக்கூடத்துக்கு நான் சென்றபோது விழாவுக்குப் பத்து வாரங்கள் இருந்தன. “அப்பா, இந்த வயதிலை உங்களுக்கு இறகு தேவையோ?” என்று மகள் கேட்டாள். தேவைதான் என்று சொல்லிவிட்டுப் போனேன். பாடசாலை ஆசிரியை, பஸ் சாரதி, தாதி, வேலையற்ற இளைஞர் எனப் பலரும் மாலையிலே வந்து கூடுவர். பாய்க்கப்பல், சுறா, பவளம், மீன் என அவ்வாண்டு எங்கள் குழு எடுத்த பொருள் கடல். இறகுகளை நீளவாரியாகப் பிரிப்பது என் முதல் வேலை. இரண்டு வாரம் கழித்தே கம்பியைத் தந்தார்கள். நான் வளைத்த முதற் செட்டையைத் தூக்கிப் பார்த்த திரினிடாட் மூதாட்டி, ஒரு சொல்லும் பேசாது அதை நிமிர்த்தி மீண்டும் நேர்க்கம்பியாக்கித் தந்தார். அழகு குறைந்ததாலன்று. அந்த அகலத்தில் சந்தி திரும்பும்போது காற்று ஆளையே சாய்த்துவிடுமாம். பாரம் தோளில் தங்கினால் நாலு மணி நேரம் நடக்க இயலாது, அது இடுப்பில் இறங்கவேண்டும். யன்னலில் நிற்கும் குழந்தைக்கு முகம் தெரிய முடியின் உயரம் குறையவேண்டும். அவ்வுடுப்பின் அளவெல்லாம் வீதியின் அளவே என்பதை அன்றுதான் அறிந்தேன். இப்போதோ, திரினிடாட்டிலேயே குழுக்கள் பல சீனத்தில் தைத்த உடுப்பை வரவழைத்து, பெருவிலைக்கு விற்று, வாங்கியோரைக் கயிற்றுக்குள் நடத்திச் செல்கின்றன. பூங்காவுக்கு மாற்றுவதைவிட இது சிறிய கேடென்று நான் சொல்லமாட்டேன்.

திங்களன்று கிரேற் வெஸ்ரேண் வீதியில் எங்கள் லொறிக்குப் பின்னால் நடந்தோம். ஒலிபெருக்கியின் ஓசை காதில் விழுமுன் நெஞ்செலும்பில் விழுந்தது. படிக்கட்டில் அமர்ந்திருந்த முதியவர்கள் தட்டிலிருந்து வறுத்த கோழி எடுத்து நீட்டினர். வேடமில்லாதவர் இடையே புகுந்து நாலடி ஆடிவிட்டு விலகினர். ஆடுவோர் யார், பார்ப்போர் யார் என்ற பிரிவு அங்கே நிலைக்கவில்லை. புல்வெளியில் மேடையும் வேலியும் இட்டால் முதலில் மறைவது இதுவே.

கூட்ட நெரிசல் உண்மையான அபாயம். கத்திக்குத்தில் உயிர்கள் போயிருப்பதும் உண்மை. அதனைப் பழிச்சொல் என்று தள்ளுவது நேர்மையன்று. இரண்டு நாட்களில் பத்து இலட்சம் அளவினர் கூடும் விழாவுக்கு வழிகாட்டிகளும் வெளியேறும் பாதைகளும் வேண்டும். அவற்றுக்கான செலவை அரசும் மாநகரும் தயங்காது ஏற்கவேண்டும். உதைபந்தாட்டத்துக்குச் செய்வதைக் களியாட்டத்துக்குச் செய்யலாகாதா? ஆபத்தைக் காட்டி இடத்தைப் பறிப்பது வைத்தியமாகாது.

அவ்வட்டாரத்திலேயே நின்ற கிரென்பெல் தொடர்மாடி 2017 ஜூன் 14 அன்று எரிந்ததில் 72 பேர் மாண்டனர். அதன்பின் விழாவின் இரு நாட்களும் பிற்பகல் மூன்று மணிக்கு இசையெல்லாம் நிறுத்தப்படுகிறது. 72 வினாடிகள். நாங்கள் நின்ற இடத்தில் லொறியின் இயந்திரத்தையும் நிறுத்தினர். மேல்மாடி யன்னல்களில் அயலவர் வந்து நின்றனர். என் பக்கத்தில் சுறா வேடமிட்ட இளைஞன் முடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். பிறகு எங்கோ ஒரு பீப்பாவில் கோல் விழுந்தது. மேளம் தொடங்கிற்று.