சிப்ஸ் பாக்கெட்டின் பின்னால் என்ன எழுதியிருக்கு? லேபிளைப் பார்த்து நாம் வாங்குவது மாறுமா?

மாமல்லபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி கடற்கரைக் கோயில் பக்கம் நடந்தால், வழியெங்கும் கடைகள். வாசலில் சிப்ஸ், மிக்சர் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். "அண்ணா, அந்தப் பச்சை பாக்கெட் ஒண்ணு, கூல்டிரிங்க்ஸ் ஒண்ணு குடுங்க" என்று பிள்ளையைக் கையில் பிடித்தபடி ஒரு அம்மா கேட்பார். கடைக்காரர் சரத்திலிருந்து ஒன்றைக் கிழித்துத் தருவார். பணம் வந்துவிட்டது என்று ஸ்பீக்கர் சொல்லும் முன்பே பாக்கெட் பிரிந்திருக்கும்.

இந்தச் சில விநாடிகளில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் அதில் எவ்வளவு உப்பு, எவ்வளவு சர்க்கரை என்ற விவரம் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. அதை முன்பக்கத்துக்குக் கொண்டு வர வேண்டும் என்ற கோரிக்கை உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அப்படி வந்தால் நாம் வாங்குவது உண்மையிலேயே மாறுமா?

ஏன் இந்த அவசரம்?

ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்த ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு இருக்கிறது. நாடு முழுவதும் மூன்றில் ஒருவருக்கு மேல் ரத்தக் கொதிப்பு. சர்க்கரையும் உப்பும் எங்கிருந்து உடம்புக்குள் போகிறது என்று தெரிந்துகொள்வது இன்று கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்கும் தேவைப்படும் விஷயம்.

பின்பக்கத்தில் என்ன இருக்கிறது?

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020-ம் ஆண்டு விதிகளின்படி கலோரி, புரதம், மாவுச்சத்து, மொத்தச் சர்க்கரை, கூடுதலாகச் சேர்த்த சர்க்கரை, கொழுப்பு, சோடியம் போன்றவற்றை அட்டவணையாகக் கொடுக்க வேண்டும். ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கு 2,000 கலோரி, 50 கிராம் சேர்த்த சர்க்கரை, 2,000 மில்லிகிராம் சோடியம் என்பது கணக்கு. ஒரு முறை சாப்பிடும் அளவில் இதில் எத்தனை சதவீதம் வருகிறது என்றும் போட வேண்டும்.

விவரம் எல்லாம் சரிதான். ஆனால் படிப்பது சுலபமில்லை. அதற்கு மூன்று காரணங்கள்.

முதலாவது, மொழி. லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது விதி. தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம், கட்டாயம் இல்லை. செங்கல்பட்டு சந்தைக்கு வரும் ஒருவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும் என்றால், அந்த அட்டவணையால் அவருக்கு ஒரு பயனும் இல்லை.

இரண்டாவது, வார்த்தை. கேளம்பாக்கத்திலும் செய்யூரிலும் உப்பளங்கள் உள்ள மாவட்டம் இது. உப்பு என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பாக்கெட்டில் இருப்பது 'உப்பு' இல்லை, 'சோடியம்'. அதை உப்பாக மாற்ற 2.5-ஆல் பெருக்க வேண்டும். 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு.

மூன்றாவது, அளவு. 150 கிராம் பாக்கெட்டில் 'ஒரு முறை சாப்பிடும் அளவு 30 கிராம்' என்று போட்டிருந்தால், அந்தச் சதவீதம் பாக்கெட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மட்டும்தான். முழுப் பாக்கெட்டையும் காலி செய்பவர் அதை ஐந்தால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

மிட்டாய் போன்ற ரொம்பச் சின்ன பொருட்களுக்கு இந்த அட்டவணையே தேவையில்லை. மேல்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மிகாத பாக்கெட் என்றால், விவரத்தை மொத்தமாக வரும் பெட்டியில் போட்டால் போதும். அந்தப் பெட்டியைப் பார்ப்பது கடைக்காரர் மட்டும்தான்.

நட்சத்திரமா, எச்சரிக்கையா?

2022 செப்டம்பரில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஒரு வரைவு விதியை வெளியிட்டது. பாக்கெட்டின் முன்பக்கத்தில் அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பெண் போடலாம் என்பது அதன் யோசனை. ஃபிரிட்ஜ், ஏ.சி.யில் பார்க்கிறோமே, அந்த மாதிரி.

இதற்கு எதிர்ப்பும் வந்தது. சர்க்கரை, உப்பு, கொழுப்புக்குக் குறையும் மதிப்பெண்ணை நார்ச்சத்து, புரதம், பருப்பு வகைகளைச் சேர்த்து ஓரளவு ஏற்றிக்கொள்ள முடியும். இனிப்பு அதிகமான பிஸ்கட்டும் சில நட்சத்திரங்களோடு 'நல்ல பிள்ளை'யாகத் தெரியலாம் என்பது விமர்சகர்களின் வாதம். அவர்கள் கேட்பது 'சர்க்கரை அதிகம்', 'உப்பு அதிகம்' என்று நேரடியாகச் சொல்லும் எச்சரிக்கைக் குறி.

எச்சரிக்கை லேபிள் கோரிய பொதுநல வழக்கில், மூன்று மாதத்துக்குள் நிபுணர் குழு பரிந்துரை தர வேண்டும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜூலையில் மேலும் மூன்று மாத அவகாசம் கொடுக்கப்பட்டது.

எது வேலை செய்கிறது?

இந்தியாவில் ஆறு மாநிலங்களில் 2,800-க்கும் மேற்பட்டவர்களிடம் 2022-ல் நேரடியாக ஒரு சோதனை நடத்தப்பட்டது. பொருளில் எது அதிகம் என்று சரியாகச் சொன்னவர்கள், இப்படிப்பட்ட லேபிள் இல்லாதபோது 10-ல் சுமார் 4 பேர். நட்சத்திரம் இருந்தபோது 10-ல் நாலரைப் பேர். எச்சரிக்கைக் குறி இருந்தபோது 10-ல் 6 பேர்.

ஆனால் தெரிந்துகொள்வது வேறு, வாங்காமல் இருப்பது வேறு. அதற்கு வெளிநாட்டு அனுபவம் உதவும்.

தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் 2016 ஜூன் முதல் எண்கோண வடிவக் கருப்பு எச்சரிக்கை கட்டாயம். அதன் பிறகு, அந்தக் குறி விழும் இனிப்புப் பானங்களை மக்கள் வாங்கும் அளவு சுமார் 24 சதவீதம் குறைந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. இதில் லேபிளுக்கு மட்டும் பங்கு இல்லை. குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரத்துக்கும், பள்ளிகளில் விற்பனைக்கும் அதே சட்டம் தடை போட்டது.

பக்கத்தில் இலங்கையில் 2016 ஆகஸ்ட் முதல் குளிர்பானங்களுக்கு டிராஃபிக் சிக்னல் மாதிரி நிறக் குறி உண்டு. 100 மில்லியில் 11 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் சிவப்பு. இதைப் புரிந்துகொள்ள எந்த மொழியும் படிக்கத் தேவையில்லை.

சிங்கப்பூரில் 2022 டிசம்பர் இறுதியிலிருந்து பானங்களுக்கு ஏ முதல் டி வரை தரம் போடுகிறார்கள். அங்கே பாக்கெட் பானங்களின் இடைநிலைச் சர்க்கரை அளவு 2017-ல் 7.1 சதவீதம், 2023-ல் 4.6 சதவீதம். 'டி' என்ற எழுத்தைத் தன் பாட்டிலில் போட எந்த நிறுவனமும் விரும்பாது. அதனால் சர்க்கரையைக் குறைக்கிறார்கள். லேபிளைப் படிக்காதவருக்கும் இதில் லாபம் இருக்கிறது.

லேபிளே இல்லாத சாப்பாடு?

கடற்கரையில் விற்கும் பஜ்ஜிக்கும் மீன் வறுவலுக்கும், பேக்கரியில் எடை போட்டுத் தரும் கேக்குக்கும் பாக்கெட் லேபிள் எதுவும் வராது. 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள் மெனுவில் கலோரியைப் போட வேண்டும். எனவே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பெரிய செயின் கடைக்கு விதி உண்டு, அதற்கு எதிரே நிற்கும் தள்ளுவண்டிக்கு இல்லை. முன்பக்க லேபிள் வந்தாலும் நம் சாப்பாட்டில் ஒரு பகுதியைத்தான் அது தொடும்.

அதுவரை என்ன செய்யலாம்?

ஒன்று: முதலில் '100 கிராமுக்கு' அல்லது '100 மில்லிக்கு' என்ற வரிசையைப் பாருங்கள். 100 மில்லியில் 10 கிராம் சர்க்கரை என்றால், 250 மில்லி பாட்டிலில் 25 கிராம். அதாவது ஆறு டீஸ்பூனுக்கு மேல்; ஒரு நாள் கணக்கில் பாதி அங்கேயே முடிந்தது.

இரண்டு: சேர்மானப் பட்டியலில் எது முதலில் இருக்கிறதோ அதுதான் அதிகம். 'கோதுமை பிஸ்கட்' என்று முன்னால் இருந்தாலும், பட்டியலில் மைதாவும் சர்க்கரையும் முதலில் வந்தால் அது மைதா பிஸ்கட்தான்.

மூன்று: வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளை இருந்தால், மாதச் சாமான் வாங்கும்போது அந்தப் பிள்ளையை லேபிள் படிக்கச் சொல்லுங்கள். வழக்கமாக வாங்கும் நாலைந்து பொருட்களை ஒரு முறை பார்த்துவிட்டால் போதும்.

ஆனால் எல்லா வேலையையும் வாங்குபவர் தலையில் கட்டிவிட முடியாது. பிள்ளை அழுதுகொண்டிருக்க, பஸ் கிளம்பிக்கொண்டிருக்க, கடை வாசலில் நிற்பவருக்குப் பெருக்கல் கணக்குப் போட நேரம் இருக்காது. சரத்தில் தொங்கும்போதே கண்ணில் படுகிற மாதிரி குறி வந்தால்தான் அந்த அம்மா வேறு பாக்கெட்டைக் கேட்க ஒரு வாய்ப்பு உண்டு.