ஏறாத வண்டியும் ஆராயாத கையும்

கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில், பழைய டீசல் வண்டிகளுக்கு இறம்பொடை ஒரு பரீட்சை மண்டபம். கொழும்பில் குறையேதும் காட்டாது ஓடிய வான் இவ்வளைவுகளுக்கு வந்ததும் தள்ளாடும், கரும்புகை கக்கும், முதற் கியரை நாடும். “வயதாகிவிட்டது, பாவம்” என்பார் உள்ளே இருப்பவர். “பம்பைச் சற்றுத் திறந்துவிட்டால் பறக்கும்” என்பார் கராஜில் நிற்பவர். முன்னவர் கூற்றில் இரக்கம் உண்டு; பின்னவர் கூற்றில் துணிவு உண்டு. ஏன் ஏறவில்லை என்ற கேள்வி மட்டும் இருவரிடத்தும் இல்லை.

இலக்கியப் பக்கத்தில் எஞ்சின் புகை எதற்கு என்று வாசகர் சிலர் முகஞ் சுளிக்கலாம். ஆயினும் மலையகத்தின் வாழ்க்கையில் இப்பழைய வான்களுக்குரிய இடத்தை அறிந்தவர் அவ்வாறு கேளார். காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்வதும், பகலில் மரக்கறி மூட்டைகளைச் சந்தைக்குச் சேர்ப்பதும், நள்ளிரவில் லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டால் வைத்தியசாலைக்கு விரைவதும் அவையே. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் கதவு மீண்டும் திறந்தது; திறந்த கதவின் முன்னே வரிச்சுமை நின்றது. ஆகவே 1990களில் யப்பானில் செய்யப்பட்ட வான், மூன்று இலட்சம் கிலோமீற்றருக்கு மேல் ஓடிய பின்னும், இன்றும் ஒரு குடும்பத்தின் சோற்றுப் பானையாக இருக்கிறது. அதனை எவ்வாறு பேணுவது என்பது வாழ்வுப் பிரச்சினை.

முதலில் மலையின் நியாயத்தை அறிதல் வேண்டும். டீசல் எஞ்சின் காற்றை உள்ளிழுத்து இறுக்கி, அவ்விறுக்கத்தால் எழும் வெப்பத்திலேயே எரிபொருளை எரிக்கிறது. எவ்வளவு டீசலைப் பயனுற எரிக்கலாம் என்பதை உள்ளே வந்த காற்றின் அளவே தீர்மானிக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே வளியமுக்கம் கரையோரத்திலுள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. இக்குறையை ஈடுசெய்ய வல்லது டேர்போ. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905ஆம் ஆண்டில் இதன் அடிப்படைக்கு உரிமம் பெற்றார். வீணே வெளியேறும் புகையின் விசையால் ஒரு சில்லைச் சுழற்றி, அச்சுழற்சியால் காற்றைத் திணித்து உட்செலுத்துவதே அதன் தொழில். அது தளர்ந்த வண்டி சமவெளியில் தன் நோயை மறைத்துக்கொள்ளும், ஏற்றத்திலே காட்டிக்கொடுத்துவிடும். இறம்பொடை வண்டியைப் பழுதாக்குவதில்லை. முன்னமே இருந்த பழுதைச் சொல்லுகிறது.

அச்சொல்லைக் கேட்கத் தெரிய வேண்டும். ஏற்றத்தில் கரும்புகை பெருகினால், பெரும்பாலும் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்பது பொருள். புகையே இன்றி வலு குன்றினால் டீசல் போதிய அளவு வந்து சேரவில்லையோ என ஐயுறலாம். நீலப்புகை எண்ணெய் எரிவதன் அறிகுறி. எஞ்சின் சூடேறிய பின்னும் நில்லாத வெண்புகை எரியாத டீசலையோ, சிலிண்டருக்குள் கசியும் நீரையோ குறிக்கும். மூச்சடைத்தவனும் சோர்ந்து விழுவான். பட்டினி கிடந்தவனும் சோர்ந்து விழுவான். இருவருக்கும் ஒரே மருந்து கொடுப்பவனை வைத்தியன் என்போமா?

தேடுதலுக்கு ஒரு முறை உண்டு: செலவற்றதை முதலிலும் செலவு மிக்கதை இறுதியிலும் சோதித்தல். ஓடி நின்றதும் ஒரு சில்லு மட்டும் மிகையாகச் சுடுகின்றதா? அவ்வாறாயின் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். எஞ்சின் மேல் குற்றமில்லை. எஞ்சினின் ஓசை உயர வண்டியின் வேகம் உயரவில்லையா? கிளச் நழுவுகிறது. அக்சிலரேட்டரை முழுதும் மிதிக்கும்போது அதன் கம்பி பம்பிலுள்ள நெம்பை முழுதும் இழுக்கின்றதா? இவற்றை அறியக் கண்ணும் காதும் போதும். அடுத்து காற்று வடியும் டீசல் வடியும் மாற்றப்பட்ட நாளைக் கேட்க வேண்டும். பின்னர் டேர்போவிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் இறப்பர்க் குழாயைக் கழற்றி, வளைத்து நோக்க வேண்டும். நிற்கும்போது மூடியிருக்கும் வெடிப்பு ஏற்றத்தின் அமுக்கத்திலேதான் வாய் திறக்கும். சிறியதோர் அமுக்கமானியைப் பொருத்தி மலையில் ஓட்டிப் பார்த்தால், டேர்போ வேலை செய்கிறதா என்ற வழக்கு அன்றே தீர்ந்துவிடும். இத்தனைக்கும் பின்னரே இன்ஜெக்டர், பம்பு, சிலிண்டரின் இறுக்கம் ஆகியவற்றில் கைவைத்தல் முறை.

நடப்பது என்ன? இவற்றுள் ஒன்றையும் செய்யாது பம்பின் திருகைத் திருப்புகின்றனர். ஐந்து நிமிட வேலை. வண்டியும் சிறிது பாயும். கையில் பணமில்லாதவன் வேறென்ன செய்வான் என்று கேட்பவர் உண்டு. அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் கணக்கு இல்லை. காற்றுக் குறைவால் கரும்புகை கக்கும் எஞ்சினுக்கு மேலும் டீசல் ஊட்டினால் புகையும் சூடுமே மிகும். அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். அளவு மீறி ஊட்டிய எஞ்சின் நெடிய ஏற்றம் ஏறும்போது வெளியேறும் வாயு அவ்வெப்பநிலையையும் கடக்கக்கூடும். பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது என்பதை நினைவிற் கொள்க. டொயோட்டாவின் 2சி-டி போன்ற எஞ்சின்கள் சூடு மிஞ்சினால் தலைப்பகுதி வெடிப்பதில் பெயர்பெற்றவை. சில நூறு ரூபாய்க் குழாய்க்கிளிப்பை இறுக்காது விட்டவன், பின்னர் முழு எஞ்சினுக்கும் விலை கொடுக்கிறான். ஏழைக்கு மலிவானது முதற் சோதனையே.

வண்டியில் மாற்றமே கூடாதென்பது நம் கட்சியன்று. நோய் நீங்கிய உடம்புக்குப் பயிற்சி நன்று. டேர்போ காற்றை இறுக்கும்போது அது சூடாகி அடர்த்தி குன்றும்; அதனைக் குளிர்விக்கும் இண்டர்கூலர் இல்லாத பழைய வானுக்கு ஒன்றைப் பொருத்துவது அறிவுள்ள திருத்தம். ரேடியேற்றரைத் துப்புரவாக்கி, வெப்பமானியும் அமுக்கமானியும் வைத்து, அவற்றைப் பார்த்துப் பார்த்துச் சிறிதளவு எரிபொருளைக் கூட்டுவதும் தகும். ஆயின் ஏறும் வலுவைக் கூட்டுமுன் இறங்கும் வலுவைச் சோதிக்க வேண்டும். பிரேக் எண்ணெய் காலப்போக்கில் ஈரத்தை உறிஞ்சும். நெடுஞ்சரிவில் அது கொதித்தால் மிதிக்கும் காலுக்கு விடை கிடையாது. 2025 மே 11ஆம் திகதி கரண்டியெல்லவில் பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் காரணத்தை ஆராய்வது இக்கட்டுரையின் பணியன்று. இம்மலைச் சரிவு பிழை பொறாது என்பதே ஈண்டு எண்ணத்தக்கது.

ஆசிரியர்களுக்கு இறுதியாக ஒரு சொல். உயர்தர வகுப்பில் தொழில்நுட்பப் பிரிவு 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அமுக்கம், அடர்த்தி, தகனம் என்னும் சொற்களை நம் மாணவர் தமிழிலேயே கற்கின்றனர். பாடசாலைக்கு எதிரேயுள்ள கராஜிலோ அதே அமுக்கத்தைக் கையாலும் காதாலும் அறிந்த ஒருவர் எண்ணெய் படிந்த உடையோடு நிற்கிறார். அவர் அறிந்ததை இவர்கள் எழுதவில்லை. இவர்கள் படித்ததை அவர் கேட்கவில்லை. ஒரு மாணவன் அக்கராஜில் சில நாள் நின்று, வந்த வண்டி எது, கண்ட குறி என்ன, ஐயுற்ற காரணம் எது, மெய்க்காரணம் எது என்று ஒரு கொப்பியில் எழுதுவானாயின், விஞ்ஞானம் படித்ததன் பயனை அடைவான். அக்கொப்பிகள் பெருகினால் தமிழில் ஒரு தொழில்நூல் பிறக்கும். அந்நூல் பிறக்கும்வரை, திருகாணியில் கைவைக்குமுன் “ஏன்?” என்று கேட்கும் பழக்கமாவது நம் பிள்ளைகளிடம் வளரட்டும்.