ஒரு குழாய், நாலு குடம்

2020 ஜூலை. பெங்களூரே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த நேரம். மகளுக்குக் கல்லூரி வாய்மொழித் தேர்வு, கம்ப்யூட்டர் வழியாக. மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது தேர்வாளர் திரையில் வாய் திறந்தபடியே உறைந்துபோனார். வெளியே வந்தவள் தம்பியை முறைத்தாள். அவன் பாட்டியைக் கைகாட்டினான். அம்மா, சிங்கப்பூர் அண்ணனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். "நான் பேசக்கூடாதுன்னா சொல்லிடுங்க" என்று போனைக் கவிழ்த்து வைத்தார். அன்று ராத்திரி யாரும் சேர்ந்து சாப்பிடவில்லை.

மறுநாளே 50 மெகாபிட் திட்டத்தை 100 ஆக்கினேன். காசு போனதுதான் மிச்சம். ஒரு வாரம் கழித்துத்தான் குற்றவாளி பிடிபட்டான்: என் போன். கல்யாணப் படங்களையெல்லாம் யாருக்கும் சொல்லாமல் எங்கோ தொலைதூரக் கிடங்குக்கு ஏற்றிக்கொண்டிருந்தது.

விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது வருகிற வேகத்தை. அனுப்புகிற வேகம் பல திட்டங்களில் அதைவிடக் குறைவு. அனுப்ப முடியாத தகவல் மோடத்தில் ஒரு தொட்டியில் தேங்கும். 1 மெகாபைட் தேங்கினால், விநாடிக்கு 4 மெகாபிட் போகும் பாதையில் அது வடிய 2 விநாடி. மகளின் குரல் அத்தனை படங்களுக்கும் பின்னால் நிற்க வேண்டும். இந்தத் தொட்டி வீக்கத்துக்கு 'பஃபர்ப்ளோட்' என்று பெயர் வைத்தவர் ஜிம் கெட்டிஸ், 2010 வாக்கில்.

தீர்வு நம் தெருக்குழாய்க்குத் தெரிந்ததுதான். முதலில் வந்தவர் இருபது குடத்தையும் நிரப்பட்டும் என்றால் சண்டை. வீட்டுக்கு ஒரு குடம், சுற்றுமுறை என்றால் எல்லோருக்கும் தண்ணீர். 1985இல் ஜான் நேகிள் தகவல் வலைகளுக்கு இதைத்தான் யோசனையாகச் சொன்னார். ஆனால் ஒருவர் சொம்பு கொண்டுவருவார், இன்னொருவர் அண்டாவோடு வருவார். பாத்திரத்தை எண்ணாமல் தண்ணீரை அளக்க வேண்டும் என்று 1989இல் டெமர்ஸ், கேசவ், ஷெங்கர் மூவரும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கணக்கு சரி, ஆனால் வேகமான கருவிகளுக்குப் பெரும் சுமை. 1995இல் ஸ்ரீதரும் ஜார்ஜ் வர்கீஸும் சுலபமாக்கினார்கள்: ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு இவ்வளவு என்று வரவு வை. அண்டாவுக்குப் போதவில்லையா, பாக்கியை அடுத்த சுற்றில் சேர்த்துக்கொள். நம் ஊர்ச் சீட்டுக்காரர்களுக்குக் கூடப் புரியும்.

இதிலும் ஒரு தில்லுமுல்லு உண்டு. டோரன்ட்டில் படம் இறக்கும் பிள்ளை ஒரே நேரத்தில் ஐம்பது இணைப்பு திறப்பான். ஐம்பது குடத்தோடு ஐம்பது இடத்தில் நிற்பது போல. 2018இல் லினக்ஸில் சேர்ந்த 'கேக்' என்ற முறை குடத்தை விட்டுவிட்டு வீட்டிலுள்ள கருவிகளை எண்ணி, அவற்றுக்குள் சமமாகப் பங்கிடும்.

(கம்பெனிகள் சொல்லும் 'நியாயமான பயன்பாட்டுக் கொள்கை' வேறு சமாசாரம். மாத அளவைத் தாண்டினால் வேகத்தை வெட்டுவது அது. வீட்டுக்குள் பங்கிடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் ஓடும் ரூட்டர் ஒன்று வாங்கினேன். அதில் 'எஸ்.க்யூ.எம்.' என்ற பக்கத்தில், நிஜ வேகத்தைவிடப் பத்து சதவீதம் குறைத்து எழுத வேண்டும். அப்போதுதான் வரிசை கம்பெனியின் பெட்டியில் நிற்காமல் நம் வாசலில் நிற்கும், நாம் ஒழுங்குபடுத்தலாம். காசு கொடுத்து வாங்கிய வேகத்தில் பத்தில் ஒரு பங்கைக் கைவிட மனசு வரவில்லை. இரண்டு நாள் தள்ளிப்போட்டுத்தான் செய்தேன்.

யாருக்கு முன்னுரிமை என்று பட்டியல் போடும் வசதியும் சில ரூட்டர்களில் இருக்கிறது. அதைத் தொடவில்லை. அம்மாவின் பேச்சு மூன்றாவதா நான்காவதா என்று எழுதும் துணிச்சல் எனக்கு இல்லை.

கல்லூரி மகளுக்கு மறுதேர்வு வைத்தது. ரூட்டர் வேலையைச் செய்தது. அம்மாவும் பக்கத்து அறையில் அண்ணனோடு பேசிக்கொண்டுதான் இருந்தார். இருந்தாலும் அந்த அரை மணி நேரம் என் போனை அணைத்து பீரோவுக்குள் வைத்திருந்தேன்.