கால் கறுப்பா, மஞ்சளா?

கோடியக்கரைக்கு ஆண்டுதோறும் வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள். அவர்களுக்கு டிக்கெட் கிடையாது. மூட்டை முடிச்சு கிடையாது. சேற்றிலும் உப்பளத்திலும் ஓடி ஓடி இரை பொறுக்கும் சின்னஞ்சிறு பறவைகள்தான் அந்த விருந்தாளிகள்.

அவற்றில் ஒன்று கொசு உள்ளான். சிட்டுக்குருவியை விடச் சற்றே சிறியது. எடை சுமார் 25 கிராம்தான். ஆனால் அது பிறந்த ஊர் எது தெரியுமா? வட துருவத்தை ஒட்டிய பனிப் பிரதேசம்! அங்கே கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் வருமுன் பல ஆயிரம் கிலோ மீட்டர் பறந்து இங்கே வந்து சேருகிறது.

இப்போது பலர் கையில் காமிரா இருக்கிறது. கடற்கரைக்குப் போகிறவர்கள் இந்தப் பறவைகளைப் படம் பிடிக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். பிறகு, "இது என்ன பறவை?" என்று கேட்கிறார்கள். பத்துப் பேர் பத்துப் பெயர் சொல்கிறார்கள். எது சரி?

படமும் ஏமாற்றும்

போட்டோ பொய் சொல்லாது என்பார்கள். பறவை விஷயத்தில் அதை முழுதும் நம்பக்கூடாது.

கொசு உள்ளானுக்குக் கால் கறுப்பு. டெம்மிங்க் என்ற டச்சுக்காரரின் பெயரால் வழங்கும் இன்னொரு கொசு உள்ளானுக்குக் கால் மஞ்சள் கலந்த பச்சை. பார்த்தவுடன் சொல்லிவிடலாம் போலிருக்கிறது அல்லவா? ஆனால் பறவை நிற்பதோ சேற்றில். கறுப்புச் சேறு ஒட்டினால் மஞ்சள் காலும் கறுப்பாகிவிடும்!

வளைமூக்கு உள்ளானுக்கு அலகு நீளம். நுனி கீழ்நோக்கி வளைந்திருக்கும். அது காமிராவை நேராகப் பார்த்தால் அந்த வளைவு தெரியாது. மாலை வெயிலில் சாம்பல் நிறச் சிறகும் செம்பொன்னாகத் தெரியும். ஒரே பறவை கோடையில் செந்நிறச் சட்டையும், குளிர் காலத்தில் சாம்பல் சட்டையும் போடுகிறது. பறவை தனியாக நின்றால், அது பெரிதா சிறிதா என்பதும் படத்தில் தெரியாது.

என்ன செய்ய வேண்டும்?

ஒரு படம் போதாது. பக்கவாட்டில் ஒன்று, நேரே ஒன்று, பறக்கும்போது ஒன்று எடுக்க வேண்டும். வளைமூக்கு உள்ளான் பறக்கும்போது வாலுக்கு மேலே வெள்ளையாகத் தெரியும். பக்கத்தில் வேறு பறவை நின்றால் அதையும் சேர்த்து எடுக்க வேண்டும், அளவு தெரிந்துவிடும். தேதியையும் இடத்தையும் மறக்காமல் குறித்து வைக்க வேண்டும்.

அப்படியும் தெரியவில்லையா? "கொசு உள்ளான் போன்றது, வகை உறுதியில்லை" என்று எழுதலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதுவதுதான் தவறு.

பெயரில் என்ன இருக்கிறது?

ஒரு குருவியின் பெயருக்கு இவ்வளவு பாடா என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

1987 முதல் ஆசிய நாடுகளில் ஒவ்வொரு ஜனவரி மாதமும் நீர்ப்பறவைக் கணக்கு எடுக்கிறார்கள். பொதுமக்களும் அதில் சேருகிறார்கள். ஓர் இனத்தில் நூற்றில் ஒரு பங்கு ஓரிடத்தில் தவறாமல் வந்து தங்கினால், அந்த இடம் உலக முக்கியத்துவம் பெறத் தகுதியுடையது. இது ராம்சார் ஒப்பந்தத்தின் விதிகளில் ஒன்று. கோடியக்கரை 1967-ல் சரணாலயம் ஆயிற்று. 2002-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கணக்கில் பெயர் மாறினால், காக்க வேண்டிய இடம் கைவிடப்படலாம்.

கரண்டிமூக்கு உள்ளான் உலகத்திலேயே சில நூறுதான் மிஞ்சியிருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் அதன் கரண்டி அலகும் சாதாரண அலகுபோலவே தெரியும். அதைக் கொசு உள்ளான் என்று எழுதினால், அழிவின் விளிம்பில் நிற்கும் ஒரு பறவை கணக்கிலிருந்தே மறைந்துவிடும். கொசு உள்ளானைக் கரண்டிமூக்கு என்று எழுதினால், இல்லாத பறவை இருப்பதாகிவிடும். இரண்டும் கேடுதான்.

துரத்தாதீர்கள்!

இன்னொன்றும் முக்கியம். நல்ல படம் வேண்டும் என்று பறவையை விரட்டி விரட்டிப் பறக்கவிடுவோர் உண்டு. நெடும் பயணத்துக்காக உடம்பில் சேர்த்துவைக்கும் கொழுப்புதான் அதன் கட்டுச்சோறு. ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அந்தக் கட்டுச்சோற்றில் ஒரு பிடி குறைகிறது.

படம் ஒன்று குறைந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. தூரத்தில் நின்று, பொறுமையாகப் பார்த்து, உண்மையை மட்டும் எழுதினால் போதும். பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் இதை முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.