கற்றது களவாகாது

பழைய நிறுவனத்தின் மென்பொருளைப் போலவே ஒன்றைச் செய்பவர் உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறாராம். அப்படியானால் எரிக் யுவானை என்ன சொல்வது? வீடியோ சந்திப்பு மென்பொருளான வெப்எக்ஸை வளர்த்தவர், அதை வாங்கிய சிஸ்கோவில் தன் புது யோசனை எடுபடாததால் 2011-இல் வெளியேறி, அதே வீடியோ சந்திப்புக்கு ஜூமைத் தொடங்கினார். கூகுளைவிட்டு 2016-இல் விலகிய ஆந்தனி லெவண்டவ்ஸ்கி கதை வேறு. தானியங்கிக் கார் திட்டத்தின் கோப்புகளையும் எடுத்துப்போனார். வர்த்தக ரகசியத் திருட்டை ஒப்புக்கொண்டார். 2020-இல் 18 மாதச் சிறை விதிக்கப்பட்டது. இந்த இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவது என்ன நியாயம்?

நம் 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவே, ஒருவரைத் தொழில் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது என்கிறது. சம்பளம் செய்த வேலைக்குக் கூலி. மூளைக்கு எழுதிய கிரையப் பத்திரம் அல்ல. கோப்புகளை வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், சரி. கைப்பழக்கத்தையும் கழற்றி வைக்கச் சொல்ல எந்த முதலாளிக்கும் உரிமையில்லை.